சங்கூதிய குடும்பக் கார்

சிவமயம்

ஏழாலை,
1938 யூலை 18

அன்புள்ள அண்ணை அவர்களுக்கு,

மீனாம்பிகை எழுதுவது. நாங்கள் சுகம். செரம்பானில் நீங்களும் மச்சாள் கமலாவதியும் சுகமாயிருக்கக் கந்தசாமியார் துணை.

உங்கள் கார் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து அதை ஓட்டி வந்தவன் வாசல் படலையில் நிறுத்தினான்; கொடுத்த மோரைக்கூட முழுக்கக் குடிக்காமல் திரும்பிப் போகும் கோச்சி ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டான். போகிறபோது சொன்னான்: "அம்மா, உதுக்குள்ளை ஏதோ கிடக்கு. ஆனையிறவு தாண்டினாப்பிறகு ஒருக்கால் மிதிச்சுப் பாத்தனான். இனி என்ரை சீவியத்துக்கும் மிதிக்கமாட்டன்." அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம்.

பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்ததும் ஏறி இறங்க ஒரு குடும்பக் கார், அதுவரை தங்கச்சி வீட்டில் நிற்கட்டும் என்றுதானே எழுதினீர்கள்? பார்த்தால் குடும்பக் கார்தான். நாலு கதவு, சாம்பல் நிறம். பின்சீற்றில் மூன்று பெண்கள் சேலை கசங்காமல் இருக்கலாம். பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வந்து இறங்குகிற மாதிரி ஒரு அடக்கம். ஆனால் சுன்னாகத்தில் கார் திருத்துகிற கராச்சிலிருந்து பார்க்க வந்தவன் மூடியைத் தூக்கியதும் தலையில் கைவைத்தான். "உது றேஸ் ஓடுற காருக்குப் பூட்டுற சாமான், அம்மா. சூப்பர்சார்ஜர். உதை ஆர் குடும்பக் காருக்குள்ளை கொண்டுவந்து வைச்சது?" என்று என்னைக் கேட்டான்.

உண்மையைச் சொல்லுங்கள் அண்ணை. அங்கே இப்படிப்பட்ட வண்டி எல்லோரிடமும் இருக்கிறதா, அல்லது உங்களுக்கு மட்டும்தான் இந்த விசர் பிடித்ததா? பக்கத்து வீட்டு இரத்தினம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கொண்ணை மலாயாவிலை சூதாட்டமோ பழகினவர்?" என்று கேட்கிறாள். எனக்குக் கிடைத்த மரியாதை அது.

இவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கோயில் மனேச்சர் என்ற பேருக்கு ஏற்ற மனிதர். வீட்டிலிருந்து கோயிலுக்கு நடை, கோயிலிலிருந்து வீட்டுக்கு நடை. சைக்கிளில்கூட ஏறியதில்லை. காரை ஒரு முறை சுற்றி நடந்து பார்த்தார். "நல்ல சாந்தமான நிறம்" என்றார். அவ்வளவுதான்.

காரை ஓட்டச் சிமியோன் என்று ஒரு றைவரை வைத்திருக்கிறோம். வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். சாதுவானவன். வண்டில் மாட்டுக்குப் பின்னால் வண்டில் மாடாகவே போகிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஓடாத நேரத்தில் சாவி இவரிடம் இருக்கும். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், யோசிப்பதற்கு நான் இருக்கிறேன்.

அன்புள்ள தங்கை,
மீனாம்பிகை


சிவமயம்

செரம்பான்,
1938 ஓகஸ்ட் 2

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சூதாட்டம் என்றாளாமே இரத்தினம்மா? நான் ரயில்வே வேலைத்தலத்தில் இருக்கிறவன், இஞ்சினைப் பார்த்து வாங்கினேன். அவள் மாப்பிள்ளை பார்த்த மாதிரி நிறத்தைப் பார்த்து வாங்கவில்லை என்று சொல்லு.

கேட்டதற்கு வருகிறேன். சூப்பர்சார்ஜர் என்பது பேயுமில்லை பிசாசுமில்லை. அது ஒரு விசிறி. கொல்லனுடைய துருத்தி அடுப்புக்குள் காற்றை ஊதுகிறதல்லவா, அதுபோல இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். முன்பு அது பந்தயக் காருக்கும் பிரபுக்களின் காருக்கும் மட்டுந்தான் இருந்தது. இப்போது ஒரு அமெரிக்கக் கொம்பனிக்காரன் அதைக் குடும்பக் காருக்குள் வைத்துச் சாதாரண விலைக்கு விற்கிறான். விளம்பரத்தைப் பார்த்தால் உலகத்தில் உள்ள குடும்பமெல்லாம் அதில்தான் கோயிலுக்குப் போகிறது என்று நினைப்பாய்.

உண்மை என்னவென்றால், இந்தச் செரம்பானில் என்னுடையதைத் தவிர நான் கண்டது ஒன்றே ஒன்று. ஒரு பல்வைத்தியருடையது. அவரிடம் ஒருநாள் கதை கொடுத்தேன். தன் காருக்குள் அப்படியொன்று இருப்பதே மனுசனுக்குத் தெரியாது. பெண்சாதிக்கு மெத்தை பிடித்ததால் வாங்கினாராம். அவரும் ஓட்டுகிறார், பிள்ளைகளும் பின்னால் நித்திரை கொள்கிறார்கள், ஒரு கரைச்சலும் இல்லை. மெதுவாக மிதித்தால் அது பசு. நிலத்தோடு அழுத்தினால்தான் அதன் மற்றக் குணம் தெரியும். சிமியோன் அழுத்தமாட்டான் என்கிறாய். பிறகு ஏன் பயம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வகையில் வேறொன்று இறங்கியிருக்கிறதா என்று விற்றவனிடம் விசாரித்தேன். இதுதான் முதலாவதாம். இரத்தினம்மாவிடம் அதையும் சொல்லு.

மச்சானுக்கு நிறம் பிடித்தது சந்தோசம். அவரையும் ஒருக்கால் முன்சீற்றில் ஏற்றி யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போ. பாவம், கோயிலையும் வீட்டையும் தவிர என்னத்தைக் கண்டார்?

அன்புள்ள அண்ணன்,
கனகலிங்கம்


சிவமயம்

ஏழாலை,
1938 ஓகஸ்ட் 19

அன்புள்ள அண்ணை அவர்களுக்கு,

எங்கள் கோயிலில் ஓர் அதிசயம் நடக்கிறது.

கொடியேறித் திருவிழா நடக்கிறது. இந்த முறையும் இவர்தான் காப்புக் கட்டியிருக்கிறார். நீங்கள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம், மறந்திருப்பீர்கள். காப்புக் கட்டி விரலில் தர்ப்பை மோதிரம் போட்டால், கொடி இறங்கும்வரை கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது. இவர் மடத்திலேயே படுக்கை, மடத்திலேயே சாப்பாடு. பின்னேரம் அபிசேகம் முடிந்ததும் சாமிக்குச் சாத்துப்படி செய்யத் திரை போடுவார்கள். மேளம் உருகி உருகி வாசிக்கும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்போம். அலங்காரம் முடிந்ததும் ஐயர் திரைக்கு வெளியே தலையை நீட்டுவார். இவர் தலையசைத்தால்தான் திரை விலகும். இவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அதுதான் எங்கள் கோயில் வழக்கம்.

மூன்றாந் திருவிழாவன்று திரை போட்டுச் சிறிது நேரத்தில் வடக்குப் பக்கமாக, வெகு தூரத்திலிருந்து, ஒரு சங்கு ஊதியது. மேளகாரரே ஒரு நொடி வாசிப்பதை விட்டுவிட்டார்கள். ஊளையிடுவதுமில்லை, கோச்சி கூவுவதுமில்லை. மெல்லத் தொடங்கி, உயர்ந்து உயர்ந்து போய், அப்படியே கரைந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரத்தினம்மா கையைத் தலைக்குமேல் தூக்கி "அரோகரா" என்றாள். பிறகு கோயில் முழுக்க அரோகராதான்.

அடுத்த நாளும் ஊதியது. அதற்கடுத்த நாளும். போகும்போது ஒருமுறை, கொஞ்சம் பொறுத்து வரும்போது ஒருமுறை. திரை போட்டால் மட்டும். இப்போது உடுப்பிட்டியிலிருந்தெல்லாம் சனம் வண்டில் கட்டிக்கொண்டு வருகிறது. சாமி கடலில் நீராடப் போய் வருகிறார், அந்தச் சங்குதான் அது என்கிறார்கள். இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறனான்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் மாறிவிட்டார் அண்ணை. முகத்தில் ஒரு களை. நேற்று மடத்துக்குச் சோறு கொண்டுபோனபோது புராணம் சொல்ல வந்த பிரசங்கியாரின் பகிடிக்குச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. திகைத்துப்போய்ச் சோற்றுப் பெட்டியோடு அப்படியே நின்றேன். சாமியின் அருள் இல்லாமல் வேறென்ன?

கார் கோயிலின் பின்வீதியில் பனைகளுக்குள் நிற்கிறது. மேளகாரரை ஏற்றி இறக்க உதவும்.

மீனாம்பிகை


ஏழாலை,
1938 ஓகஸ்ட் 24

அண்ணை அவர்களுக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். தலையில் இடி விழுந்துவிட்டது.

தேருக்கு முதல்நாள் பின்னேரப் பூசை முடிந்து காருக்குக் கிட்டப் போனேன். மீன் மணத்தது. கொடியேறிய கோயில் வீதியில், ஊர் முழுக்கச் சைவச் சாப்பாடு சாப்பிடுகிற நாளில், எங்கள் காரில் மீன் மணம். முன் மட்காட் நசுங்கியிருந்தது. அதன் விளிம்பில் செதில்கள் ஒட்டியிருந்தன. சிமியோனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கோயில் வாசலுக்குக் கொண்டுவாற காரிலையோ உன்ரை வீட்டுக்கு மீன் ஏத்தினனீ?" என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

அடுத்த நாள் பொலிசு வந்தது. மயிலிட்டியில் றோஸ் என்று ஒருத்தி, முதல்நாள் பின்னேரம் சந்தையில் மீன் விற்றுவிட்டு மிஞ்சியதை ஓலைக் கடகத்தில் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறாள். மயிலிட்டித் திருப்பத்தில் ஒரு கார் அடித்துப்போட்டுப் போய்விட்டது. ஆள் பிழைத்துக்கொண்டாள். கால் பிழைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். என்ன கார் என்று கேட்டதற்கு, "சங்கு ஊதிக்கொண்டு வந்தது" என்றாளாம். பொலிசுக்காரர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்கள். செதிலைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சிமியோனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதுவரை ஒருவாறு தாங்கினேன். சிமியோன் அங்கே போய் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "நான் மடத்துப் பின்பக்கம் படுத்துக்கிடந்தனான், சாவி ஐயாவிட்டை" என்றானாம். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவன், காப்புக் கட்டிய மனிதர்மேல் பழியைப் போடுகிறான். திரை போடும்போது இவர் அங்கே நின்றதை ஊரே கண்டது. திரை விலகும்போது தலையசைத்ததையும் ஊரே கண்டது. இடையில் மயிலிட்டிக்குப் போய் வர இவர் என்ன பறவையா? இவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

எங்கள் வழக்குகளைப் பார்க்கிற பிறக்கிராசி நமசிவாயத்தார் வந்து எல்லாவற்றையும் கேட்டார். காரின் சொந்தக்காரர் என்ற முறையிலும் இஞ்சின் தெரிந்தவர் என்ற முறையிலும் நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி அனுப்ப வேண்டுமாம். அது சாதாரணக் குடும்பக் கார், திரை மூடித் திறக்கும் நேரத்துக்குள் அதில் மயிலிட்டிக்குப் போய் வர முடியாது என்று எழுதினால் போதுமாம். மற்ற நேரமெல்லாம் இவர் ஊர்க் கண்ணுக்கு முன்னால் நின்றவர், ஆகவே எடுத்துக்கொண்டு போனது சிமியோன்தான் என்று முடிந்துவிடும்.

நீங்கள்தானே எழுதினீர்கள், அது பசு என்று. அதையே எழுதி அனுப்புங்கள் அண்ணை. இவர் சாப்பிடுவதில்லை, கதைப்பதில்லை. இவருடைய பேருக்கு ஒன்று வந்தால் நான் உயிரோடு இருக்கமாட்டேன்.

மீனாம்பிகை


சிவமயம்

செரம்பான்,
1938 ஓகஸ்ட் 31

அன்புத் தங்கச்சிக்கு,

உன் 19ஆம் திகதிக் கடிதம் இன்று வந்தது. வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். மச்சாள் ஓடிவந்து என்னவென்று கேட்டாள். சொல்லத் தொடங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

பிள்ளை, அது சாமியின் சங்கு இல்லை. அது என் கார்.

மிதிபலகையை நிலத்தோடு அழுத்தினால் அந்த விசிறி அப்படித்தான் கத்தும். மெல்லத் தொடங்கி, உயர்ந்து உயர்ந்து போகும். நீ எழுதியிருப்பது அட்சரம் பிசகாமல் அதுதான். குடாநாட்டில் வேறொன்று இல்லையென்றும் உனக்கு எழுதினேன். நீங்கள் எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கி என் இஞ்சினுக்கு அரோகரா சொல்லியிருக்கிறீர்கள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்த வண்டி எவ்வளவு ஓடும் என்பதை முன்பு நான் பட்டும் படாமலும்தான் எழுதினேன். இப்போது கேள். போட்டிக்சன் றோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுத்திப் பார்த்தேன். முன்னால் போன துரை ஒருவரின் பந்தயக் காரை அது தாண்டிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மச்சாள் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். வெளியே குடும்பம், உள்ளே குதிரை. இதை வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குதிரையைக் காணாமலே செத்துப்போவார்கள். ஒருமுறை கண்டவனுக்கு மற்றமுறை காணாமல் இருக்க முடியாது. அதையும் நான் அறிந்துதான் சொல்கிறேன்.

யார் ஓட்டுகிறார்கள்? மாட்டுக்குப் பின்னால் போகிற சிமியோன் இல்லை. திரை போட்டால் மட்டும் புறப்பட்டு, திரை விலகுமுன் திரும்புகிறவன் யார்? சாவி யாரிடம் இருக்கிறதென்று நீயே எழுதியிருக்கிறாய்.

உடனே சாவியை வாங்கு. யாரையாவது அடித்துப்போடுமுன் வாங்கு.

கனகலிங்கம்


செரம்பான்,
1938 செப்டெம்பர் 6

தங்கச்சிக்கு,

24ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. நேற்று முழுவதும் வேலைக்குப் போகவில்லை.

நான் 31ஆம் திகதி எழுதியதை அடுப்பில் போடு. யாருக்கும் காட்டாதே. மச்சானுக்கும் சொல்லாதே.

நமசிவாயத்தார் கேட்டபடியே எழுதி, இன்றைய தபாலில் அவருக்கு நேரே அனுப்பிவிட்டேன். சாதாரணக் குடும்பக் கார், பாரமான வண்டி, வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல, அந்த நேரத்துக்குள் போய் வர முடியாது. கீழே என் உத்தியோகத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். கொம்பனிக்காரன் பொய் விளம்பரம் செய்கிறான் என்று சிரித்த நான், அவனுடைய விளம்பரத்தைவிடப் பெரிய பொய்யை எழுதியிருக்கிறேன்.

நீ உயிரோடு இருக்கமாட்டேன் என்று எழுதினாய். அதற்குமேல் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எந்தக் கால்?

கனகலிங்கம்


சிவமயம்

ஏழாலை,
1938 செப்டெம்பர் 27

அன்புள்ள அண்ணை அவர்களுக்கு,

இடது கால்.

உங்கள் இரண்டு கடிதமும் சில நாள் இடைவெளியில் வந்தன. முதலாவதை வாசித்தபோது அடுப்படியில் நின்றேன். சோறு கரிந்து புகை வந்த பிறகுதான் இறக்கினேன். இவர் உள்ளே இருந்தார். நான் கேட்கவில்லை. பைத்தியக்காரி மாதிரி ஒரு நினைப்பு எனக்கு: கேட்காவிட்டால் அது நடக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பொய்யை நினைத்து அன்றிரவு நிம்மதியாக நித்திரையும் கொண்டேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

சிமியோனின் பெண்சாதி தினமும் படலையில் வந்து நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். நிற்பாள், பிறகு போவாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. றோஸ் பொய்காரி என்று என் கண்ணால் கண்டுவிட்டால் மனம் ஆறும் என்று எண்ணி, இரத்தினம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவள் என்னைவிட இளையவள். நான் இன்னார் என்று சொல்லவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். "கார் அடிச்சிட்டு ஓடேல்லை அக்கா. நிண்டது. ஒராள் இறங்கி வந்து என்னைத் தூக்கிப் பூவரசு நிழலிலை வைச்சவர். கடகத்தையும் எடுத்துப் பக்கத்திலை வைச்சவர். முகம் பாக்கேல்லை, கண் மங்கிப் போட்டுது. கை மட்டும் தெரிஞ்சது. விரலிலை புல்லுச் சுத்தியிருந்தது. பொலிசுக்குச் சொன்னன், எனக்கு அறளை, புத்தி தடுமாறுது எண்டினம்" என்றாள்.

அவள் வேதக்காரி. விரலில் ஒருவர் ஏன் புல்லுச் சுற்றுவார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்ட பொலிசுக்காரருக்கும் தெரியாது போலிருக்கிறது. எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற இரத்தினம்மாவுக்கும் தெரியும். ஊர் வாயையெல்லாம் ஒருத்தியாக வைத்திருக்கிற இரத்தினம்மா, வீடு வந்து சேரும்வரை ஒரு சொல் பேசவில்லை.

அன்றே கேட்டேன். இவர் மறுக்கவில்லை. சிமியோன்தான் தோட்ட வெளிக்குள் வைத்துப் பழக்கினானாம். ஒருநாள் தவறி அழுத்திவிட்டாராம். "மீனா, அது கத்திக்கொண்டு எழும்பேக்கை எனக்கு வயசு இல்லை, பேர் இல்லை, கோயில் இல்லை. நான் ஆரோ ஒருத்தன்" என்றார். திரை போட்டால் எல்லோரும் கண்ணை மூடுவார்கள், தன்னைத் தேடமாட்டார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார். திரை விலகுமுன் திரும்பிவிடுவது ஒரு விளையாட்டு. காப்போடு எல்லை தாண்டினார். ஒருநாள்கூடத் தோற்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், அந்த நிலைமையிலும், ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. என்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய மனிதரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"தூக்கி நிழலிலை வைச்ச நீங்கள், காருக்குள்ளை வைச்சிருக்கலாமே" என்று கேட்டேன்.

"திரை" என்றார். "நான் தலையசைக்காட்டில் ஐயர் திரையை எடுக்கமாட்டார். சனம் என்னைத் தேடும். பூசை நிண்டுபோம். சாமியை மறிச்சு வைக்கலாமோ? வழியிலை போற ஆரும் அவளைக் காணுவினம் எண்டு நினைச்சன்."

பிறகு உங்கள் கடதாசியைப் பற்றிக் கேட்டார். வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார். எனக்கு வெறுத்துப்போனது அந்த மூச்சில்தான்.

மறுநாள் மாதக் கார்த்திகை. கோயிலில் நல்ல சனம். இவர் வழக்கமான இடத்தில் நின்றார், விரலில் தர்ப்பை. அபிசேகம் முடிந்தது. திரை விழுந்தது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து நேரே ஆண்கள் பக்கம் நடந்து போனேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

"காரை எடுங்கோ" என்றேன். "மயிலிட்டிக்குப் போட்டுத் திரை விலக முந்தி வருவம். அண்ணை ஏலாது எண்டு எழுதியிருக்கிறார். ஏலுமோ ஏலாதோ எண்டு நான் பாக்க வேணும்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். பொலிசு பார்த்துவிட்டு எங்களிடமே விட்டுப்போன கார் நின்ற பின்வீதிக்கு நடந்தார். நான் முன்சீற்றில் ஏறினேன்.

சந்தியைத் தாண்டியதும் அழுத்தினார். அண்ணை, நீங்கள் எழுதிய அந்தக் குதிரை பொய்யில்லை. பனைகள் வேலி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன், முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வெளியே நின்று கேட்டால்தான் அது சங்கு. உள்ளே இருந்து கேட்டால் ஒரு பெண் கத்துவது போலிருக்கிறது. பின்னால், கோயில் பக்கமிருந்து, சனம் அரோகரா என்றதும் எனக்குக் கேட்டது. அதைக் கேட்க மாட்டாமல் ஒரு கையால் காதைப் பொத்தினேன்.

மயிலிட்டித் திருப்பம் வந்தது. பூவரசு மரத்தடியில் இன்னும் அந்தக் கடகம் கிடந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. இவர் காலை எடுத்தார். கார் தானாகவே ஓய்ந்து நின்றது. இறங்கிப் போய்க் கடகத்துக்குப் பக்கத்தில், புழுதியில் குந்தினார். நேரம் போயிற்று. திரும்புவதென்றால் அப்போதே புறப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். எழும்பவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

மெதுவாகத்தான் ஓட்டினார். சிமியோன் ஓட்டுவது மாதிரி. றோஸ் முகத்தைப் பார்க்கவில்லை. கையைக் காட்டச் சொன்னாள். காட்டினார். அந்தத் தர்ப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஓம், உந்தக் கைதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "என்னைப் பூப்போலத்தான் இறக்கி வைச்சனீங்கள், ஐயா. பிறகு ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்?"

இவர் அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனார். நான் வெளியே காருக்குள் இருந்தேன். அவர் திரும்பி வரவில்லை, வரமாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். காரை வேறு ஒருவன் கொண்டுவந்து விட்டான்.

நீங்கள் எழுதிய சத்தியக்கடதாசியை நமசிவாயத்தாரிடமிருந்து வாங்கி நானே கிழித்துவிட்டேன். உண்மையை எழுதி வேறொன்று அனுப்புங்கள். எவ்வளவு ஓடும் என்பதை ஒன்றும் குறைக்காமல் எழுதுங்கள். என் உயிரைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது போகவில்லை.

சிமியோனை விட்டுவிட்டார்கள். நேற்று வந்து முற்றத்தில் நின்றான். அவன்தான் வாயைத் திறந்தான். "அம்மா, நான் கோயில் வீதிக்குள்ளை மீன் ஏத்தேல்லை" என்றான். பொலிசில் இருந்ததை அவன் சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் சொல்ல வந்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை கோயிலுக்குப் போனேன், ஐயரிடம் மன்னிப்புக் கேட்க. அன்று அவரை அவ்வளவு சனத்துக்கு முன்னால் காத்திருக்க வைத்துவிட்டோமே என்றேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த விளக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் பாத்தம், பிள்ளை. ஐயாவைக் காணேல்லை. பிறகு ஆரோ திரையை இழுத்துவிட்டினம். பூசை நல்லாத்தான் நடந்தது" என்றார்.

மீனாம்பிகை